விடுமுறைக்கு ராமநாதபுரம் கரைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் உச்சிப்புளிப் பக்கத்துக்காரி. ஓமானில் ஓர் இந்தியப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அங்கே வெள்ளி, சனி விடுமுறை வந்தால் மலை, ஓடை என்று சக ஆசிரியர்களோடு கிளம்பிவிடுவேன். ஆண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கரையோரம் நடப்பது, சைக்கிள் மிதிப்பது, அலையில்லாத நாளில் துடுப்புப் போடுவது. இதைக் கேள்விப்பட்டு ஸ்டாஃப் ரூமிலும் ஊரிலும் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன்.

டீச்சர், ராமநாதபுரம் கரைன்னா எங்கேருந்து எங்கே வரைக்கும்?

வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டி. தெற்கே சாயல்குடியைத் தாண்டி மூக்கையூர், ரோச்மா நகர். அதற்கு அடுத்த வேம்பார் தூத்துக்குடி மாவட்டம். இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள கரை இது. நடுவில் மண்டபம் வழியாக நிலம் கிழக்கே நீண்டு, பாம்பன் தீவாகி, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முடிகிறது. இந்த நீட்டலுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்றால் போதும், எல்லாருக்கும் புரியும்.

வெளியூர்க்காரர்களுக்கு ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும்தான் ராமநாதபுரம் கரை. மீதிக் கரையை பஸ் ஜன்னலில்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

எங்களுக்கு ஜூன், ஜூலைலதான் லீவு. அப்ப வந்தா மழையில மாட்டிக்குவோமா?

மாட்ட மாட்டீர்கள். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. நம் பக்கம் வருவது காற்று மட்டும்தான். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூன், ஜூலையில் கண்மாய்கள் காய்ந்து கிடக்கும், கருவேலங்காடு புழுதி படிந்து நிற்கும், வெயில் பத்து மணிக்கே சுடும். மஸ்கட், துபாய் வெயிலில் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மறுபடி மாலை நாலரைக்கு மேல்.

காற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மே கடைசியில் எழும் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, செப்டம்பர் வரை ஓயாது. சைக்கிளில் போகிறவர்கள் தொண்டியிலிருந்து தெற்கு நோக்கி வந்தால் முகத்தில் அடிக்கும். சாயல்குடியிலிருந்து வடக்கே போனால் முதுகில் தள்ளிவிடும். திட்டத்தை அதற்கேற்ப போடுங்கள்.

கடல்ல இறங்கணும்னா எந்தக் கரை நல்லது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொருவரும் வெவ்வேறு மாதத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று வந்ததும் அப்படியே மாறும்: வடகடல் கலங்கி அலையடிக்கும், தென்கடல் தணியும். அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், சீறும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடை மாதங்களில் அந்தப் பெண் கடல் போடும் ஆட்டத்தைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். ஆழமில்லாத தண்ணீர் காற்று எழுந்ததும் சட்டென்று கலங்கிவிடும். மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடப்பதால், தென்மேற்குக் காற்று கிளப்பும் அலையெல்லாம் நேரே வந்து மோதும்.

இதைக் கண்ணால் பார்க்க மண்டபம்தான் சரியான இடம். அங்கே நிலம் ஒடுங்கியிருப்பதால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். ஜூலைக் காலையில் வடக்குக் கரையில் நின்றால் வள்ளங்களின் கயிறு தொய்ந்து தண்ணீரில் கிடக்கும். முழங்கால் ஆழத்தில் சூடை மீன் கூட்டம் திரும்புவது தெரியும். அங்கிருந்து தெற்குக் கரைக்குப் போனால் முகத்தில் உப்புச் சாரல் அடிக்கும், பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். அதே நாள், அதே மணி. என் வகுப்பில் பருவக்காற்றுப் பாடம் நடத்தும்போது நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இதுதான்.

ஆக, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகிறவர்கள் வடகடல் பக்கம்: அரியமான், பிரப்பன்வலசை, தேவிபட்டினம், காரங்காடு. பிப்ரவரி, மார்ச் என்றால் தென்கடல் பக்கம். எந்த மாதமானாலும், இறங்கும் முன் கரையில் இருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் "இன்னைக்கு வேணாம்" என்றால் வேண்டாம்தான்.

எப்படி வர்றது, எங்கே தங்குறது?

விமானத்தில் மதுரை; அங்கிருந்து ராமநாதபுரம் சாலையில் இரண்டரை மணி நேரத்துக்குள். சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இரவு ரயில்கள் உண்டு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில்கள் தீவுக்குள் போகின்றன. கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும்.

தங்குவதற்கு ராமநாதபுரம் டவுனைத்தான் சொல்வேன். வடக்கு, தெற்கு, கிழக்கு மூன்று பக்கமும் பஸ் அங்கிருந்து புறப்படுகிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ள நண்பரைக் கூட்டிவந்தால் லாட்ஜில் அவர் விவரத்தைப் படிவத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல் கையில் இருக்கட்டும்.

ராமேஸ்வரம், தனுஷ்கோடி பாத்தாச்சு. வேற என்ன இருக்கு?

நிறைய. வடக்கிலிருந்து சொல்கிறேன். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே காரங்காடு. மீனவக் கிராமம். கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். படகு உள்ளே நுழைந்ததும் இரு பக்கமும் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் விரல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நண்டு சேற்றில் நகரும் சத்தம்கூடக் கேட்கும்.

அப்புறம் தேவிபட்டினம்: கடலுக்குள் ஒன்பது கல் நிற்கும் நவபாஷாணம். அதற்குத் தெற்கே வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை. பக்கத்திலேயே அழகன்குளம்; அகழாய்வில் ரோமானியக் காசுகளும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர். வரலாறு எடுக்கும் ஆசிரியர்கள் இதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. மதுரையில் பாலத்தின் மேலிருந்து பார்க்கும் வைகை இங்கே எவ்வளவு ஒடுங்கி வந்து சேர்கிறது என்பதையும் பாருங்கள்.

தென்கடல் பக்கம் பெரியபட்டினம், திருப்புல்லாணிக்குக் கீழே சேதுக்கரை, கீழக்கரையின் பழைய பள்ளிவாசலும் தெருக்களும், ஏர்வாடி, வாலிநோக்கம். பாம்பன் தீவிலேயே குந்துகால் உண்டு, 1897-இல் விவேகானந்தர் கொழும்பிலிருந்து திரும்பி வந்து கரையேறிய இடம். கரையை விட்டு உள்ளே போனால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் என்று கண்மாய்ப் பறவைச் சரணாலயங்கள். ஆனால் அவை மழைக்குப் பிறகுதான். ஜூலையில் போனால் வெடித்த மண்ணைத்தான் பார்ப்பீர்கள்.

ஓமான்ல மலையெல்லாம் ஏறுறீங்க. இந்தத் தட்டைக் கரையில உங்களுக்கு என்ன சாகசம் கிடைக்குது?

இதை ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள், மஸ்கட் நண்பர்களும் கேட்கிறார்கள். ஜெபல் ஷம்ஸ் மலை சுமார் 3,000 மீட்டர். அதன் விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் கால் கூசும். வாடி ஷாப் ஓடையில் கொஞ்ச வழி நடை, மீதி வழி நீச்சல். அந்த மாதிரி உயரமும் ஆழமும் இங்கே இல்லை. இங்கே இருப்பது தூரம். நிழலில்லாத ஈர மணலில், எதிர்க்காற்றில் பத்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள், உடம்பு எங்கெங்கே வலிக்கும் என்று தெரியும்.

அங்கே கற்றுக்கொண்டது இங்கே உதவுகிறது. ஓமான் ஓடைகளில் எங்கோ மலையில் பெய்த மழை, வெயிலடிக்கும் இடத்தில் வெள்ளமாக வரும். அதனால் கிளம்பும் முன் வானிலை பார்ப்பது, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவைப்பது எல்லாம் பழக்கமாகிவிட்டது. ராஸ் அல் ஜின்ஸ் கரையில் ஆமை முட்டையிடுவதை இரவில் வழிகாட்டியோடு மட்டுமே பார்க்கவிடுவார்கள். டார்ச் அடிக்க முடியாது, சத்தம் போட முடியாது. நம் கரைக்கும் ஆமைகள் முட்டையிட வருகின்றன. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. அங்கே காட்டிய ஒழுங்கை இங்கேயும் நாம் காட்ட வேண்டும். அந்நிய நாட்டில் சட்டத்துக்கு அடங்கி நடந்துவிட்டு சொந்த ஊரில் ஆமைக்கு முன்னால் செல்ஃபி எடுப்பது சரியில்லை.

தனுஷ்கோடியில குளிக்கலாமா? தண்ணி அவ்வளவு அழகா இருக்கே!

வேண்டாம். மேலே சொன்ன இரண்டு கடலும் அங்கேதான் உரசுகின்றன. கரையை ஒட்டியே ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. நன்றாக நீந்துகிறவர்களுக்கும் இதே பதில்தான். கரையில் நில்லுங்கள், கால் நனையுங்கள், போதும். மாலை இருட்டுவதற்கு முன் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு பெரும்பாலோர் காரில் போய், பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். நடுவில் பழைய ஊரில் இறங்குங்கள். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்த ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. இடிந்த தேவாலயச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பவளக்கல் அடுக்கிக் கட்டியது. ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாகப் பவளத்தின் தடம் தெரியும். அங்கேயே மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் இறைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. இரு பக்கமும் உப்புக்கடல், நடுவில் கையளவு குழியில் குடிக்கிற தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் தேங்கி நிற்பதால் இப்படி.

எனக்கு நீச்சல் தெரியாது. கயாக் ஏறலாமா?

ஏறலாம், காற்றில்லாத காலையில், லைஃப் ஜாக்கெட் போட்டு, வழிகாட்டியோடு. காரங்காட்டின் உள்நீரில் தொடங்குவது நல்லது. அடுத்து பிரப்பன்வலசை. மாதத்தை மேலே கடல் பற்றிய பதிலில் பார்த்துக்கொள்ளுங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) அதிகமாக ஒதுங்கும் நாட்களில் தண்ணீரில் கையை விடாதீர்கள். கால் வைக்கும்போது மணலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள். அடியில் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு பட்டு விலகிப் போய்விடும்.

ஒரு படகுக்காரர் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறார். போகலாமா அக்கா?

கூடாது. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கினால் வழக்கு உங்கள் மேல் மட்டுமல்ல, கூட்டிப்போனவர் மேலும் பாயும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் படகு மாட்டிக்கொள்ளும். குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு ஏற்பாடு செய்கிறது. அந்த வழியில் மட்டும் போங்கள்.

இந்தக் கெடுபிடி தேவைதான். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே சில தீவுகள் கரைந்தன. இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சமிருக்கும் பவளமும் கடல் சூடாகும் ஆண்டுகளில் வெளுக்கிறது, 2010-இலும் 2016-இலும் அப்படித்தான். அதன் மேல் நம் காலும் வேண்டாம்.

கரையில ஒதுங்கின சங்கு, பவளத் துண்டு எடுத்துட்டுப் போய் கிளாஸ்ல காட்டலாமில்ல?

பாடம் நடத்தத்தானே என்று தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனால் பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. செத்து ஒதுங்கிய துண்டானாலும் சட்டம் ஒன்றுதான். சில சங்கு, சிப்பி வகைகளும் பட்டியலில் உண்டு. கடைக்காரர் பில் கொடுத்தார் என்பது விமான நிலையத்தில் எடுபடாது.

நான் கொண்டுபோவது பனையோலைப் பெட்டி, மணல் போட்டோக்கள், கருப்பட்டி. மணல் போட்டோ என்றால், ஐந்து கரையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்த மணலின் நெருக்கப் படங்கள். வாலிநோக்கம் மணலும் தேவிபட்டினம் சேறும் ஒரே மாவட்டம் என்று பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். அங்கிருந்தே பாடம் தொடங்கிவிடும்.

ட்ரோன், சாட்டிலைட் மெசேஜ் கருவியெல்லாம் எங்ககிட்ட இருக்கு. கொண்டு வரவா?

இரண்டும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ட்ரோன் கொண்டுவர 2022 பிப்ரவரி முதல் தடை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் வேறு இருக்கிறது. சாட்டிலைட் போனும், மலையேறுகிறவர்கள் இடுப்பில் மாட்டும் சாட்டிலைட் மெசேஜ் கருவியும் இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது. ஓமான் மலையில் அவசியமான பொருள், இங்கே விமான நிலையத்திலேயே உங்களை நிறுத்திவைக்கும். கரையோரச் சாலை நெடுக மொபைல் சிக்னல் ஓரளவு கிடைக்கிறது, பவர் பேங்க் போதும்.

கச்சத்தீவை ஒரு எட்டு பார்த்துட்டு வரலாமா?

முடியாது. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன தீவு. தவக்காலத்தில் நடக்கும் அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும், முன்கூட்டியே பெயர் கொடுத்து, ராமேஸ்வரத்திலிருந்து அனுமதி பெற்ற படகில் போக முடியும். கடல் எல்லை மீனவர்களுக்கே அன்றாடப் பிரச்சினையாக இருக்கும் இடம். சுற்றுலாவுக்காக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கேட்பதே தவறு.

பொம்பளைங்க தனியா கரையில நடக்கலாமா?

நடக்கலாம். நான் நடக்கிறேன். விடிந்த பிறகு, படகு கரைக்கு வரும் நேரத்தில். அந்த நேரத்தில் கரை நிறையப் பெண்கள் இருப்பார்கள், மீன் ஏலம், வலை பிரிப்பு, கருவாடு காயவைப்பு என்று. நுழைந்ததும் அவர்களிடம் போய் யார், எந்த ஊர் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் நீங்கள் அந்த ஊர் விருந்தாளி. தளர்வான முழு உடை வெயிலுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ஆளில்லாத நீண்ட கரைகளில் மட்டும் துணையோடு போங்கள்.

பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போனால் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். பாறை கீறாமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கி ஏறுவார்கள். மூச்சு விட எந்தக் கருவியும் கிடையாது. சாகசப் பயணம் என்று நாம் பேசுவதெல்லாம் அவர்களுக்கு அன்றாடம். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள், மறுத்தால் கேமராவை உள்ளே வையுங்கள்.

பிள்ளைங்க வெளிநாட்டுலயே வளர்ந்ததுங்க. தமிழ் அரைகுறை. கரையில அதுங்களுக்கு என்ன இருக்கு?

மீன் இறங்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். "மாமா, இது என்ன மீன்?" என்ற ஒரு கேள்வி போதும். நகரை, பாறை, சீலா, ஊளி, முரல், விளமீன், கணவாய் என்று அவர் எடுத்து எடுத்துக் காட்டுவார். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் கற்கும் சொற்களை நான் ஒரு மாதம் பாடம் நடத்தியும் ஏற்ற முடியாது. அடுத்த நாள் "இன்னைக்கு என்ன காத்து, மாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். நோட்டில் எழுதிவைக்கட்டும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான், கூட்டமும் குறைவு; பேச நேரம் கிடைக்கும்.

சாப்பாடு, தண்ணி எப்படி?

தண்ணீர் கையில் இருக்க வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு நடைக்கு மூன்று லிட்டர். கரையோரக் கிணறுகள் பல உப்பு. கோடைக் கடைசி வரை பதநீர், நுங்கு கிடைக்கும். காரங்காட்டில் ஊர்ப் பெண்கள் சமைத்துத் தருகிறார்கள், நண்டும் கணவாயும் அங்கே சாப்பிடுங்கள்.

"எல்லாரும் வர்றீங்க, படம் பிடிக்கிறீங்க, போறீங்க. எங்களுக்கு என்ன மிச்சம்?"

இது ஒரு கரையோர ஊரில் ஒரு பெரியவர் கேட்டது. இதே கேள்வி வேறு ஊர்களிலும் காதில் விழுந்ததால் இங்கே சேர்த்தேன். நியாயமான கேள்வி. என்னால் முடிந்த பதில் இவ்வளவுதான்: வெளியூர் ஏஜென்சி பேக்கேஜ் எடுக்காதீர்கள். படகு, சாப்பாடு, வழிகாட்டி மூன்றுக்கும் பணம் அந்த ஊர்க்காரர் கையில் போகட்டும். சொன்ன கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள், குறிப்பாகத் தடைக்காலத்தில். பிளாஸ்டிக்கைத் திரும்ப டவுனுக்கே கொண்டுவாருங்கள், ஊராட்சிக் குப்பைத்தொட்டி உங்களுக்காக வைத்ததல்ல. ஆசிரியர்கள் என்றால் கூடுதலாக ஒன்று: அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம் கேட்டு ஒரு வகுப்பு எடுங்கள். நீங்கள் பார்த்த நாட்டைப் பற்றிப் பேசுங்கள். பாலைவனத்தில் ஆமை முட்டையிடும் கதையை எங்கள் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள், அப்புறம் தங்கள் கரையின் ஆமையைப் பற்றி உங்களுக்குச் சொல்வார்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு டீச்சர். எங்கே போக?

ஜூன், ஜூலை என்றால் விடிகாலையில் காரங்காடு, படகு, அங்கேயே சாப்பாடு. மாலையில் அழகன்குளம், ஆற்றங்கரை. ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் காலையில் தனுஷ்கோடி. கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் அந்த மாதங்களில் பூநாரைகள் வரும். சாலையை விட்டு இறங்காமல் பைனாகுலரில் பாருங்கள், கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். மாலையில் தென்கடல் பக்கம் சேதுக்கரை போய்விட்டு, கீழக்கரை வழியாகத் திரும்புங்கள். அங்கே கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டிய தொதல் கிடைக்கும். விமானத்தில் கொண்டுபோனாலும் சில நாள் தாங்கும், ஸ்டாஃப் ரூமுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.